படுவான்கரைக் கையேட்டின் மங்கிய படங்கள்: உலாவியிலிருந்து அச்சுத்தாள் வரை ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர், உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்காகச் சின்னக் கையேடு ஒன்றைத் தயாரித்திருந்தார். பெறுபேற்றை இணையத்தில் பார்ப்பது, மின்னஞ்சல் கணக்குத் திறப்பது, பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பத்தை நிரப்புவது என்று எல்லாம் படிப்படியாக இருந்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்கிரீன்ஷொட். எழுத்து வேலை அருமை. ஆனால் அச்சகத்திலிருந்து வந்த மாதிரிப் பிரதியில் படங்கள் எல்லாம் சாம்பல் பூசியதுபோல் கிடந்தன.

"கட்டம் எங்க இருக்கு எண்டு தெரியுது தம்பி. அதுக்குள்ள என்ன எழுதியிருக்கு எண்டு வாசிக்க ஏலாம இருக்கு. கொஞ்சம் ஷார்ப் பண்ணித் தாங்க" என்று என்னிடம் கேட்டார்.

2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு வந்து போவது எளிதாகிவிட்டது. ஆனாலும் வீட்டில் கணினி இல்லாத பிள்ளை இன்றைக்கும் ஒரு கொம்யூனிகேஷன் கடைக்குத்தான் போகிறது. அங்கே விசைப்பலகையில் கை வைப்பது பெரும்பாலும் கடைக்காரர். பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் கையில் இருப்பது இந்தக் கையேடு மட்டும். எந்தக் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும், எதை அழுத்தும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதை அதைப் பார்த்துத்தான் பிள்ளை சொல்ல வேண்டும். அந்தப் படம் வாசிக்க முடியாமல் இருந்தால் கையேடு அச்சிட்டே பயனில்லை. அதனால் இந்த வேலையை "ஷார்ப் பண்ணுவது" என்ற ஒரு பொத்தானோடு முடிக்க எனக்கு மனம் வரவில்லை. மங்கல் எந்தக் கட்டத்தில் சேர்ந்தது என்று கண்டுபிடித்த பிறகே எதையும் தொடுவது என்று ஆசிரியையிடம் சொன்னேன்.

ஒரே படம், நான்கு இடங்கள்

ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, அது பயணித்த பாதை முழுவதிலும் கிடைத்த பிரதிகளைச் சேர்த்தோம். முதலாவது, ஆசிரியையின் மடிக்கணினியில் டவுன்லோட்ஸ் கோப்புறையில் கிடந்த மூலக் கோப்பு. அதைப் பென்டிரைவில் எடுத்தோம். இரண்டாவது, வட்ஸ்அப் வழியாக அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்த கோப்பு. மூன்றாவது, அச்சகத்தில் வேர்ட் ஆவணத்துக்குள் இருந்த படம். வேர்ட் கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து, டொக்எக்ஸ் என்ற பின்னொட்டைச் சிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே மீடியா என்ற கோப்புறையில் படங்கள் தனித்தனியாக இருக்கும். ஆவணத்துக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்க்க இதைவிட நேரான வழி இல்லை. நான்காவது, அச்சான தாள்.

பிக்சல் என்பது படத்தை ஆக்கும் சிறு புள்ளி. மூலக் கோப்பு 1536 பிக்சல் அகலம், 4200 பிக்சல் உயரம், ஜேபெக் வடிவம். வட்ஸ்அப்பில் வந்தது 585க்கு 1600. வேர்டுக்குள் இருந்ததும் அதே 585 அகலம்தான், பக்கத்துக்கு ஏற்றபடி துண்டுகளாக வெட்டப்பட்டிருந்தது. தாளில் அது 16 சென்ரிமீற்றர் அகலத்துக்கு இழுக்கப்பட்டிருந்தது. 16 சென்ரிமீற்றர் என்பது ஏறக்குறைய 6.3 அங்குலம். ஆக ஓர் அங்குலத்துக்கு 93 பிக்சல். அச்சுக்கு 300 வேண்டும் என்பது பொதுக் கணக்கு. மூன்றில் ஒரு பங்குகூட அங்கே இருக்கவில்லை.

இந்த எண்களைப் பார்த்தவுடனேயே ஷார்ப் செய்யும் பேச்சு முடிந்துவிட்டது. 14 பிக்சல் அளவுத் தமிழ் எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி இரண்டு பிக்சல் அளவுதான் இருக்கும். 1536 அகலம் 585 ஆகும்போது அந்தப் புள்ளி முக்கால் பிக்சலாகிறது, அதாவது பின்னணியில் ஒரு மெல்லிய கறை. 'க்' எது 'க' எது என்று சொல்ல முடியாது. 'கி'யின் மேல் வளைவும் 'கீ'யின் சுழியும் ஒன்றாகிவிடும். ஆங்கில எழுத்துகள் இந்தச் சுருக்கத்தைக் கொஞ்சமாவது தாங்கும். தமிழ் தாங்காது. இலக்கங்களில் 3, 6, 8 மூன்றும் ஒரே உருண்டையாகியிருந்தன. அடையாள அட்டை இலக்கத்தை எப்படி நிரப்புவது என்று காட்டும் படத்தில் இது நடந்திருந்தது.

அச்சகத் தம்பி இதற்கு முன்பே போனில் உள்ள படம் தெளிவாக்கும் செயலி ஒன்றில் இவற்றைப் போட்டுப் பார்த்திருந்தார். விளிம்புகள் பளிச்சென்று வந்தன. ஆனால் பல இடங்களில் தமிழ் எழுத்து இருந்த இடத்தில் தமிழிலேயே இல்லாத உருவங்கள் நின்றன. இந்தச் செயலிகள் தொலைந்த பிக்சலை மீட்பதில்லை, அங்கே என்ன இருந்திருக்கலாம் என்று ஊகித்து வரைகின்றன. முகத்துக்கும் பூவுக்கும் அது பரவாயில்லை. இலக்கமும் எழுத்தும் உள்ள வழிகாட்டியில் அதைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மங்கிய 8ஐப் பார்ப்பவர் சந்தேகப்பட்டுக் கேட்பார். பளிச்சென்ற தவறான 3ஐப் பார்ப்பவர் கேட்காமல் எழுதிவிடுவார்.

முதல் இழப்பு: உலாவிக்குள்ளேயே

மடிக்கணினியின் திரை 1920க்கு 1080. ஆனால் மூலக் கோப்பின் அகலம் 1536. மீதி எங்கே போனது?

இணையப் பக்கத்தை அளக்கும் பிக்சல் வேறு, திரையில் உண்மையாக ஒளிரும் பிக்சல் வேறு. 15.6 அங்குலத் திரையில் எழுத்து மிகவும் சிறிதாகத் தெரியும் என்பதால் விண்டோஸ் எல்லாவற்றையும் 125 வீதம் பெரிதாக்கிக் காட்டும்படி அமைந்திருந்தது. அப்போது 1920ஐ 1.25ஆல் வகுத்த 1536தான் தன் அகலம் என்று இணையப் பக்கம் நினைத்துக்கொள்ளும். உலாவியோ எழுத்தை முழு 1920 பிக்சலிலும் கூர்மையாக வரைகிறது. கண்ணுக்குத் தெரிவது அதுதான். ஆசிரியை பயன்படுத்திய எக்ஸ்டென்ஷன் (உலாவியோடு சேர்க்கும் சிறு செயலி), முழுப் பக்கத்தையும் துண்டு துண்டாகப் பிடித்து ஒட்டி, கடைசியில் 1536 கணக்கில் சேமித்திருக்கிறது. பரப்பளவில் 36 வீதப் பிக்சல்கள் அந்த இடத்திலேயே போய்விட்டன. ஐந்து பிக்சலை நான்குக்குள் அடைக்கும்போது, ஒரு பிக்சலில் நேராக நின்ற கோடு இரண்டுக்கு நடுவே விழுந்து இரண்டையும் சாம்பலாக்கும். முழு எண்ணில் அமையாத ஒவ்வொரு சுருக்கமும் பெரிதாக்கமும் இப்படி ஒரு படலத்தைச் சேர்க்கிறது.

அதோடு ஜேபெக். அது படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, நுண்ணிய மாற்றங்களைக் குறைத்துச் சேமிக்கும் முறை. புகைப்படத்துக்காகப் பிறந்தது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து என்ற திடீர் மாற்றம் அதற்கு ஒத்துவராது, எழுத்தைச் சுற்றி அழுக்குப் போல் ஒரு வளையம் வரும். நிறத்துக்கு அது இன்னும் கஞ்சம். பெரும்பாலான ஜேபெக் கோப்புகளில் நிறத் தகவல் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகத்தான் வைக்கப்படுகிறது. கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டங்களின் சிவப்பு நட்சத்திரங்கள் வெறும் இளஞ்சிவப்புக் கறைகளாக மாறியிருந்ததன் காரணம் இதுதான். குரோம் உலாவியில் எக்ஸ்டென்ஷன்கள் திரையைப் பிடிக்கக் கேட்கும்போது, வேறு வடிவம் குறிப்பிடாவிட்டால் ஜேபெக்கே கிடைக்கும். அமைப்புகளில் பிஎன்ஜி என்று மாற்ற இடம் இருந்தால் மாற்றிவிட வேண்டும். பிஎன்ஜி ஒரு பிக்சலைக்கூட இழக்காது.

ஒப்பிட்டுப் பார்க்க விண்டோஸ் விசை, ஷிஃப்ட், எஸ் மூன்றையும் அழுத்தி அதே பக்கத்தை எடுத்தோம். 1920 பிக்சல் முழுதாக வந்தது. ஆனால் அந்தக் கோப்பை உலாவியில் திறந்து பார்த்த ஆசிரியை, "இதுவும் மங்கலாத்தானே இருக்கு" என்றார். அவர் கண்டது சரிதான், ஆனால் கோப்பில் குறை இல்லை. படத்தை உலாவியில் திறந்தால் அதுவும் 125 வீதம் பெரிதாக்கப்படும். சூமை 80 வீதமாக்கினால் 1.25ஐ 0.8 ஈடுகட்டி, படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலில் உட்காரும். அப்படிப் பார்த்தபோது எழுத்து கூர்மையாக நின்றது. கோப்பு மங்கலா, பார்க்கும் விதம் மங்கலா என்பதைப் பிரித்தறியாமல் திருத்தத் தொடங்குபவர்கள், நல்ல கோப்பையும் கெடுத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது இழப்பு: அனுப்பிய வழி

வட்ஸ்அப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. படமாக அனுப்பினால் அது சுருக்கி ஜேபெக் ஆக்கும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: முழுப் பக்க ஸ்கிரீன்ஷொட்டுக்கு இதில் மிகப் பெரிய அடி விழுகிறது. நீளமான பக்கத்தின் உயரம் 4200இலிருந்து 1600க்கு இறங்கும்போது அகலமும் அதே விகிதத்தில் சேர்ந்து இறங்குகிறது. சாதாரணப் புகைப்படத்தில் தெரியாத இழப்பு, இங்கே எழுத்தையே தின்றுவிடுகிறது. கோப்பாக, அதாவது டொக்யுமென்ட் என்ற வழியில் இணைத்து அனுப்பினால் ஒரு பைட்டும் மாறாது. போனில் எடுத்த ஸ்கிரீன்ஷொட்டுகளுக்கும் இதே விதிதான். இன்றைய போன்களின் திரைகளில் பிக்சல் அடர்த்தி அதிகம் என்பதால் அவை பிறக்கும்போதே கூர்மையானவை. கெடுவது அனுப்பும்போது.

கூர்மை வேறு, பருமன் வேறு

இங்கேதான் இந்த நிகழ்வின் முக்கியமான இடம். விண்டோஸ் முறையில் எடுத்த 1920 பிக்சல் படத்தை 6.3 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 305 பிக்சல். கணக்குப்படி போதும். ஆனால் 1536 அகலப் பக்கத்தின் 14 பிக்சல் எழுத்து, 16 சென்ரிமீற்றருக்குள் அடங்கும்போது அச்சு எழுத்தை அளக்கும் கணக்கில் ஏறக்குறைய 4 பொயின்ற் ஆகிவிடுகிறது. மருந்துப் பெட்டியின் துண்டுச் சீட்டுகூட இதைவிடப் பெரிய எழுத்தில் வரும். எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் பிள்ளையின் அம்மாவால் அதை வாசிக்க முடியாது.

ஆசிரியை இதை முன்பே உணர்ந்து, உலாவியின் சூமை 200 வீதமாக்கி எடுக்க முயன்றிருந்தார். அப்போது பக்கத்தின் அகலம் 768 ஆகச் சுருங்க, தளம் தன்னைப் போனுக்கான அமைப்புக்கு மாற்றிக்கொண்டது. மேலே இருந்த தெரிவுகள் எல்லாம் மூன்று கோட்டுக் குறிக்குள் ஒளிந்துகொண்டன. கடையில் கணினித் திரையில் தெரிவதும் கையேட்டில் இருப்பதும் வேறு வேறாகிவிடும் என்று அதைக் கைவிட்டிருந்தார்.

தேவைப்பட்டது, பக்கத்தின் அகலத்தையும் பிக்சல் அடர்த்தியையும் தனித்தனியாகத் தீர்மானிக்கும் வழி. அது குரோமுக்குள்ளேயே இருக்கிறது. எஃப்12 அழுத்தி டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் அழுத்தினால் டிவைஸ் டூல்பார் வரும். அதில் ரெஸ்பொன்சிவ் என்பதைத் தெரிவுசெய்து அகலத்தை 800 ஆக்கினோம். போன் அமைப்பு தொடங்கும் அகலத்துக்குச் சற்று மேலே, ஆனால் எழுத்து பெரிதாகத் தெரியும் அளவுக்குக் குறுகலாக. பிறகு அந்த டூல்பாரின் மூன்று புள்ளி மெனுவில் டிவைஸ் பிக்சல் ரேஷியோ, டிவைஸ் டைப் இரண்டையும் சேர்த்து, முதலாவதை 3 என்றும் இரண்டாவதை டெஸ்க்டொப் என்றும் வைத்தோம். பக்கத்தைக் கட்டாயம் மீள ஏற்ற வேண்டும். சில தளங்கள் அடர்த்தியான திரைக்குப் பெரிய படங்களைத் தனியாக வைத்திருக்கும், மீள ஏற்றினால்தான் அவை வரும். அதன் பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், பி அழுத்தி, வரும் பெட்டியில் ஸ்கிரீன்ஷொட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் தெரிவுகள் தோன்றும். முழுப் பக்கத்துக்கு ஃபுல் சைஸ். எலிமென்ட்ஸ் பகுதியில் ஒரு படிவத்தை மட்டும் தெரிவுசெய்துவிட்டு எடுப்பதானால் நோட் (node). இரண்டுமே பிஎன்ஜி.

800ஐ மூன்றால் பெருக்கினால் 2400 பிக்சல். 6.3 அங்குல அகலத்தில், அங்குலத்துக்கு 381. எழுத்தும் 4 பொயின்ற்றிலிருந்து ஏறக்குறைய 8 பொயின்ற்றுக்கு உயர்ந்தது. மெய்யெழுத்தின் புள்ளி இப்போது ஆறு பிக்சல் அகலம்.

இரண்டு எல்லைகளைச் சொல்ல வேண்டும். குரோமில் மிக நீளமான பக்கங்கள் 16384 பிக்சல் உயரத்தைத் தாண்டும்போது அடிப்பகுதி வெறுமையாகவோ திரும்பத் திரும்பவோ வரலாம். அடர்த்தி 3 என்றால் பக்கத்தின் கணக்கில் அது 5461. ஆகவே நீளமான படிவங்களை நோட் முறையில் பகுதி பகுதியாக எடுத்தோம். கையேட்டுக்கும் அதுவே நல்லது. இரண்டாவது, பக்கத்தில் ஏற்கெனவே சிறிய படமாக இருக்கும் இலச்சினையோ, பழைய ஸ்கேன் படமோ இதனால் கூர்மையாகாது. எழுத்தையும் கோடுகளையும் உலாவி புதிதாக வரைகிறது, படத்தை இழுக்கத்தான் முடியும்.

ஃபயர்பொக்ஸ் விரும்புபவர்களுக்கு இன்னும் சுருக்கமான வழி உண்டு. வெப் கொன்சோலில் முக்காற்புள்ளியோடு ஸ்கிரீன்ஷொட் கட்டளையைத் தட்டி, அதோடு டிபிஆர் 3, ஃபுல்பேஜ் என்ற தெரிவுகளை இரட்டைச் சிறுகோடுகளுடன் சேர்த்தால் போதும் (:screenshot --dpr 3 --fullpage).

கூர்மை கொண்டுவந்த ஆபத்து

புதிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எங்கள் இருவருக்கும் மனம் பதைத்தது. மாதிரிக்காக நிரப்பப்பட்டிருந்த படிவத்தில் இருந்தது உண்மையான ஒரு மாணவியின் பெயர், 12 இலக்க அடையாள அட்டை எண், தொலைபேசி எண். பழைய படத்தில் எதுவும் வாசிக்க முடியாததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அதை அப்படியே அச்சிட்டுப் பல வீடுகளுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே அச்சமாக இருந்தது. எல்லாப் படிவங்களையும் கற்பனை விவரங்களோடு மீண்டும் நிரப்பினோம், எதையும் சமர்ப்பிக்கவில்லை. மறைக்க வேண்டிய இடங்களில் முழுக் கறுப்புக் கட்டம் வைத்து, படத்தோடு ஒன்றாகச் சேமித்தோம். இலக்கத்தின் மேல் மங்கல் பூசுவதை நான் ஏற்பதில்லை, மங்கலிலிருந்து இலக்கத்தை ஊகித்துவிட முடியும். வேர்டுக்குள் படத்தின் மேல் கறுப்புப் பெட்டி வைப்பதும் போதாது. பெட்டியை நகர்த்தினால் அடியில் எல்லாம் அப்படியே இருக்கும்.

அச்சகத்தில் இன்னொரு வடிகட்டி

புதிய பிஎன்ஜி கோப்புகளைப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்து, வந்த மாதிரித் தாளைப் பார்த்தால் முன்னேற்றம் தெரிந்தது, எதிர்பார்த்த அளவு இல்லை. மீண்டும் வேர்ட் கோப்பைத் திறந்து மீடியா கோப்புறையைப் பார்த்தோம். 2400 அகலம் 1386 ஆகியிருந்தது. சேமிக்கும்போது படங்களை அங்குலத்துக்கு 220 பிக்சலாகக் குறைக்கும்படி அந்த வேர்ட் அமைந்திருந்தது. 6.3ஐ 220ஆல் பெருக்கினால் அதே 1386. முன்பு 93 பிக்சல் படங்கள் இருந்தபோது இந்த அமைப்பு எதையும் தொட்டிருக்காது. நல்ல படம் வந்த பிறகுதான் அது விழித்துக்கொண்டது.

ஃபைல், ஒப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் என்று போனால் இமேஜ் சைஸ் அண்ட் குவாலிட்டி என்ற பகுதி இருக்கும். அதில் டூ நொட் கம்ப்ரஸ் என்பதைக் குறியிட்டோம். இது அந்தந்த ஆவணத்துக்கான அமைப்பு, படங்களைச் சேர்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். ஏற்கெனவே சுருங்கியவை திரும்பி வரா. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் சேர்த்தார் அச்சகத் தம்பி, முகம் சுளிக்காமல்.

கடைசியாக அச்சு இயந்திரம். கறுப்பு வெள்ளை லேசர் இயந்திரத்துக்குச் சாம்பல் நிறம் தெரியாது. புள்ளி வைக்கலாம், வைக்காமல் விடலாம். சாம்பலை அது கறுப்புப் புள்ளிகளின் கோலமாகத்தான் காட்டும். இணையப் படிவங்களில் கட்டத்துக்குள் வெளிறிய சாம்பலில் வரும் குறிப்பு எழுத்துகள் இதனால் பொடிப்பொடியாக உடைந்திருந்தன. படங்களை நாங்களே கறுப்பு வெள்ளையாக்கி, நடுத்தரச் சாம்பலைக் கறுப்பின் பக்கம் தள்ளியதும் அந்தக் குறிப்புகளும் வாசிக்க வந்தன. போட்டோக்கொப்பிகளை எப்போதும் முதல் லேசர்ப் பிரதியிலிருந்தே எடுக்க வேண்டும் என்று அச்சகத்தில் சொல்லிவைத்தோம்.

மீதமிருந்தது ஒரே ஒரு படம். அது காட்டிய விண்ணப்பத்தின் காலம் முடிந்து பக்கம் மூடப்பட்டுவிட்டதால் மீண்டும் எடுக்க வழியில்லை. ஆசிரியையின் டவுன்லோட்ஸில் கிடந்த 1536 அகல ஜேபெக் மட்டுமே இருந்தது. அதில் தேவையான படிவத்தை மட்டும் 700 பிக்சல் அகலத்தில் வெட்டி, 10 சென்ரிமீற்றரில் அச்சிட்டோம். அங்குலத்துக்கு 178. வெட்டிய துண்டைச் சரியாக மூன்று மடங்கு, பிக்சலை அப்படியே பிரதி செய்யும் முறையில் பெரிதாக்கியதால் விளிம்பு படிக்கட்டாகத் தெரிகிறது, ஆனால் புதிய மங்கல் எதுவும் சேரவில்லை. நட்சத்திரங்கள் இன்னும் கறையாகத்தான் இருக்கின்றன. கட்டாயக் கட்டங்கள் எவை என்று ஆசிரியை அந்தப் படத்தின் கீழே எழுத்தில் தந்துவிட்டார். விண்ணப்பம் மறுபடி திறந்ததும் 800 அகலம், அடர்த்தி 3 என்ற அதே அமைப்பில் எடுத்து மாற்ற வேண்டும் என்று கோப்பின் பெயரிலேயே குறித்து வைத்திருக்கிறோம்.